சுத்தியலக்காவின் சம்பந்தி

தேநீர் கைக்கு வந்ததும் சுத்தியலக்கா குடித்துவிடுவதில்லை. நடுவிரல் கணுவால் கண்ணாடிக் குவளையை ஒரு தட்டுத் தட்டித் தலையைச் சாய்த்துக் கேட்கிறார். கணீரென்றால் உதட்டுக்குப் போகும். மொத்தென்றால், "இது கீறல் விட்ட கிளாஸ், வேற குடுங்க" என்று வந்த வழியே திரும்பிவிடும். கடைக்காரர் இப்போதெல்லாம் வாதாடுவதில்லை. தானே ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நீட்டுகிறார்.

தர்பூசணியைத் தட்டுவார். புது வாளியைத் தட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய சுவரைப் பாராட்டுகிற சாக்கில் அதையும் தட்டுவார். கணவர் குறட்டை விட்டால் கட்டில் காலைத் தட்டுவார். அது ஒன்றுதான் கேட்பதற்காக இல்லை, நிறுத்துவதற்காக.

எல்லை ரயில் நிலையத்தில் சரக்குப் பெட்டிகளைப் பரிசோதிப்பது அவர் வேலை. நீளக் காம்புச் சுத்தியலோடு ரயிலின் ஓரமாக நடந்து ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டுவார். நல்ல சக்கரம் பாடும், விரிசல் விழுந்தது இருமும். தேறிய பெட்டியில் ஒரு சரிக்குறி போடுவார். அதற்குப் பிறகு ரயில் பாலத்தைத் தாண்டி அடுத்த நாட்டுக்குள் போய்விடும். அங்கே இன்னொருவர் இதே வேலையைச் செய்து திருப்பி அனுப்புவார்.

அந்த இன்னொருவரை அக்கா பார்த்ததே இல்லை. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஆனாலும் திட்டுவதற்கு ஒரு பேர் வேண்டுமே. சம்பந்தி என்று வைத்துவிட்டார்.

"நம்ம வீட்டுப் பெட்டி அங்க போகுது, அவங்க வீட்டுப் பெட்டி இங்க வருது. கொடுக்கல் வாங்கல் இருக்கு, ஒருத்தர் மேல ஒருத்தருக்குக் குறையும் இருக்கு. சம்பந்தின்னா இதுக்கு மேல என்ன வேணும்?" என்பது அவர் நியாயம்.

குறைகளுக்குப் பஞ்சமே இல்லை. சம்பந்தி எண்ணெயைத் தாராளமாக ஊற்றுகிறார், வழிந்ததைத் துடைக்க மட்டும் கை வருவதில்லை. கதவுத் தாழ்ப்பாளை இறுக்குகிறேன் பேர்வழி என்று யானை வந்தாலும் திறக்காதபடி செய்துவிடுகிறார். ஆனால் வேறு யாராவது சம்பந்தியைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசிவிட்டால் அக்காவின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

விளையாட்டு தொடங்கியது ஒரு மழை நாளில். எஞ்சின் வரத் தாமதம். மூலை நசுங்கிய ஒரு பெட்டிக்கு அடியில் ஒதுங்கியிருந்த அக்கா, பொழுது போகாமல் அதன் அடிச்சட்டத்தின் உட்புறத்தில் புள்ளிகள் வைத்தார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் விளையாடியதுதான். ஆளுக்கொரு கோடாகப் புள்ளிகளை இணைக்க வேண்டும், கட்டத்தை மூடுகிறவருக்குக் கட்டம் சொந்தம். இரண்டு புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு போட்டார், மறந்தும் போனார். நசுங்கல் பெட்டி திரும்பி வந்தபோது அவருடைய நீலக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. அன்றைக்கு அக்கா மதியச் சாப்பாட்டைத் திறந்ததோடு சரி.

அக்காவின் கோடு நீலமாக இருப்பதற்குக் காரணம் அவருடைய கணவர். அவர் தையல்காரர். துணியில் கோடு போட வைத்திருக்கும் நீலச் சாக்கட்டிகள்தான் ஒவ்வொன்றாக ரயில் ஏறின. "என் சாக்கட்டி வெளிநாடு போயிட்டு வருது. நான்தான் இன்னும் இந்தத் தெருவைத் தாண்டல" என்று வாடிக்கையாளர்களிடம் புலம்புவார். புலம்பிவிட்டு, சமையலறைக் கதவில் வரைந்து வைத்திருக்கும் நகல் கட்டத்தின் முன்னால் போய் நிற்பார். அடுத்த கோடு எங்கே என்று இருவருக்கும் வாய்த்தகராறு நடக்கும். அடுப்பில் ஏதாவது தீயும்.

நிலைய அதிகாரிக்கும் விஷயம் தெரியும். பெட்டிகளில் கிறுக்குவது விதிக்குப் புறம்பானது என்று ஒருமுறை கண்டிப்பாகச் சொன்னார். அதிலிருந்து நசுங்கல் வரும் நாளில் எல்லாம் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் அவருடைய ஷூ கயிறு அவிழ்ந்துகொள்ளும்.

இரு நாட்டுக்கும் எழுத்து வேறு, பேச்சு வேறு. அதனால் ஒரு சொல்லும் எழுதிக்கொண்டதில்லை. அக்கா தன் கட்டத்தில் குட்டிச் சுத்தியல் வரைவார், சம்பந்தி எண்ணெய்க் குப்பி வரைவார். வழியில் உரசி அக்காவின் கோடு ஏதாவது அழிந்துவிட்டால், சம்பந்தி அதை வெள்ளையில் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் தன் கோட்டைப் போடுவார். தனக்குப் பாதகமான கோடாக இருந்தாலும் சரி. "இங்க பாருங்க, இது நேர்மை" என்று அக்கா, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனை இழுத்துப் போய்க் காட்டினார். ஒருமுறை காய்ச்சலில் படுத்து, ஆட்டத்தில் கோடு போட முடியாமல் போயிற்று. எழுந்து வேலைக்கு வந்தபோது கட்டத்தின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. அக்கா அதற்குப் பக்கத்தில் ஒரு சரிக்குறி போட்டார். சக்கரம் நலம், ஆளும் நலம்.

இந்த வருடம் இரு அரசாங்கங்களும் முறைத்துக்கொண்டன. முதலில் வார்த்தை தடித்தது, பிறகு ரயில் நின்றது. வெள்ளிக்கிழமைக்குப் பின் பாலத்தை எதுவும் தாண்டக் கூடாது, அடுத்த நாட்டுப் பெட்டிகள் எல்லாம் அன்றைக்குள் ஊர் திரும்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. நசுங்கல் சம்பந்தி வீட்டுப் பெட்டி.

ஆட்டமும் முடிகிற இடத்துக்கு வந்திருந்தது. சுத்தியலும் எண்ணெய்க் குப்பியும் சரிசமம். மிச்சம் ஒரே ஒரு கட்டம். சம்பந்தி வேறு வழியில்லாமல் அதன் மூன்றாம் பக்கத்தைப் போட்டு அனுப்பியிருந்தார். ஒரு கோடு இழுத்தால் அக்காவுக்கு வெற்றி.

தேநீர்க் கடையே கொண்டாடத் தயாராக இருந்தது. "மூடிடுங்க அக்கா. கடைசியில நம்ம நாடுதான் ஜெயிச்சதுன்னு இருக்கட்டும்" என்றார் பாயிண்ட்ஸ்மேன். பெரிய மீசைக்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், இந்த விஷயத்தில் மட்டும் சின்னப் பையன்.

"ஜெயிச்சு யார்கிட்ட போய்ச் சொல்றது தம்பி? தோத்தவங்க அடுத்த வாரம் பழிவாங்க வரணும். அதுதானே ஆட்டம்" என்றார் அக்கா. அன்றைக்கு அவர் குவளையைத் தட்டாமலே குடித்ததைக் கடைக்காரர் கவனித்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் கணவர் தையல் மேசை இழுப்பறையிலிருந்து பிரிக்காத நீலக் கட்டி ஒன்றை எடுத்து, கேட்காமலே அக்காவின் பையில் போட்டார். "முழுசா எடுத்துட்டுப் போ. நான் பென்சில்ல கோடு போட்டுக்கிறேன்" என்றார்.

பெட்டிக்கு அடியில் ஆள் இருக்கும்வரை எஞ்சினுக்கு முன்னால் சிவப்புக் கொடி நிற்க வேண்டும், ரயில் நகரக் கூடாது. பாயிண்ட்ஸ்மேன் கொடியை நட்டுவிட்டு ஓடி வந்து குனிந்து பார்த்தார். அக்கா அந்தக் கடைசிக் கட்டத்தைத் தொடவில்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். பிறகு இன்னொன்று. ஒரு வரிசை, அதன் கீழே ஒரு வரிசை. உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து, சட்டத்தின் நீளத்துக்கும் வைத்துக்கொண்டே போனார். எஞ்சின் ஓட்டுநர் ஒருமுறை ஊதினார். நிலைய அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

பெட்டியின் மறுகோடியில் அக்கா ஒரே ஒரு கோடு போட்டார்.

"அக்கா, இப்ப அவங்க முறை. அந்தக் கட்டத்தை அவங்க எடுத்துப்பாங்களே" என்றார் பாயிண்ட்ஸ்மேன்.

"எடுத்துக்கட்டும். எனக்கு அடுத்த முறை வரணும்னா பெட்டியை அனுப்பித்தானே ஆகணும். பாலம் அங்கயேதானே இருக்கு" என்றார் அக்கா.

வெளியே வந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். கடைசிச் சக்கரத்தில் சுத்தியலால் ஒரு தட்டு, தலையைச் சாய்த்து ஒரு கேட்பு. சரிக்குறி போடக் கை பைக்குள் போயிற்று. கட்டி முழுவதும் தீர்ந்திருந்தது. அக்கா நீலம் படிந்த கட்டைவிரலைப் பெட்டியின் மேல் அழுத்தி, சரிக்குறியைப் பெரிதாக இழுத்தார்.