சிலிம் ரிவரில் கிடைக்காத பெயர்

சில வருடங்களுக்கு முன், விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலை அது. ஈப்போவில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, மூடுபனிக்குள் பாதி மறைந்திருந்த சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்தபடி கணினியைத் திறந்திருந்தேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் டயாலிசிஸ் நிலையங்கள் நடத்தும் ஒரு சிறிய நிறுவனத்தின் கணினி வலையமைப்பைக் கவனிப்பதுதான் என் வேலை.

அப்போதுதான் எங்கள் நிறுவனம் சிலிம் ரிவரில் இன்னொரு நிலையத்தை எடுத்து நடத்தத் தொடங்கியிருந்தது. எங்கள் நோயாளிகளின் பதிவேடு கிளவுடில் எங்களுக்கென்று இருந்த தனி வலையமைப்புக்குள் இருந்தது. சிலிம் ரிவர் நிலையத்துக்கும் அதேபோல் தனி வலையமைப்பு ஒன்று. இரண்டையும் இணைத்து, எல்லோரும் ஒரே பதிவேட்டைப் பார்க்கும்படி செய்வது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை இணைத்து முடித்தேன். என் கணினியில் பதிவேட்டின் பெயரைத் தட்டினேன், உடனே திறந்தது. எல்லாம் தயார் என்று அனைவருக்கும் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே அந்த நிலையத்தின் பொறுப்புத் தாதி அழைத்தார். பதிவேடு திறக்கவில்லை என்றார். கணினியை அணைத்துப் போடச் சொன்னேன். பத்து நிமிடத்தில் மறுபடியும் அழைத்தார். என் பக்கத்தில் எல்லாம் சரியாக இருந்ததால், உங்கள் இணைய லைனில்தான் கோளாறு என்றேன். மூன்றாவது முறை அழைத்தபோது அவர் குரல் மெதுவாக இருந்தது.

“தங்கச்சி, லைன் நல்லாத்தான் இருக்கு. வாட்ஸ்ஆப்லாம் போவுது. இந்தப் பேருல ஒண்ணுமே இல்லன்னு ஸ்கிரீன்ல வருதும்மா.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் காதில் வாங்கவே இல்லை.

“இங்க எனக்குத் தொறக்குதுக்கா. இன்னைக்கு பதிவேடு இல்லாமலே எப்பவும் போல செஞ்சிருங்க, அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன்.

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். என் மேலாளர்தான், எதற்கும் நேரில் போய்ப் பார்த்துவிடு என்றார். வேண்டா வெறுப்பாகக் கிளம்பினேன். கோப்பெங் தாண்டியதும் பனி இன்னும் அடர்ந்தது. குன்றுகள் தரையைத் தொடாமல் மிதப்பதுபோல் இருந்தன. சாலையோரச் செம்பனை வரிசைகள் ஒன்றின்பின் ஒன்றாக வெண்மைக்குள் கரைந்துகொண்டே போயின. எங்கே போகிறேன் என்பதே மறந்து, தூக்கத்துக்குள் வண்டி ஓட்டுவது போல ஓட்டினேன்.

நிலையத்துக்குள்ளும் அந்த மயக்கம் தொடர்ந்தது. கழுத்துவரை போர்வை போர்த்திய பதினோரு பேர் சாய்வு நாற்காலிகளில் கண்ணயர்ந்திருந்தார்கள். இயந்திரங்களின் மெல்லிய முனகல். ஒலி இல்லாமல் ஓடும் தொலைக்காட்சி. சன்னல் கண்ணாடியில் வழியும் மழைக்கு அந்தப் பக்கம், வெட்டாமல் விட்ட பழைய ரப்பர் மரங்கள். யாரோ காணும் கனவுக்குள் நுழைந்துவிட்டதுபோல் கால்கள் தயங்கின.

கடைசி நாற்காலியில் ஒருவர் மட்டும் விழித்திருந்தார். முன்னாள் லாரி ஓட்டுநர் என்று பிறகு தெரிந்தது. பாதங்கள் வீங்கியிருந்தன. மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தும் மூச்சு வாங்கியது. பக்கத்தில் அந்தத் தாதி, காதில் தொலைபேசியோடு நின்றிருந்தார்.

மற்ற பதினோரு பேரும் தாதியின் பழைய நோயாளிகள். அவர்கள் விவரம் அவர் கைப்பட எழுதிய நோட்டில் இருந்தது. விழித்திருந்த பெரியவரோ எங்கள் ஈப்போ நிலையத்திலிருந்து மகள் வீட்டுக்கு மாறி வந்தவர், இங்கே முதல் நாள். இவர் விவரம் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. அதைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். ஈப்போ நிலையத்திலோ காலை நெருக்கடியில் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை.

கணினி முன் உட்கார்ந்து பெயரைத் தட்டினேன். அப்படி ஒரு பெயரே இல்லை என்றது. பதிவேடு இருக்கும் சர்வரின் எண் முகவரியைத் தட்டினேன். அது சரியாகப் போய்ச் சேர்ந்தது. அப்போதுதான் புரிந்தது. இரண்டு வலையமைப்புகளுக்கும் நடுவே பாதை போட்டிருந்தேன். ஆனால் பெயரைச் சொன்னால் முகவரியைச் சொல்லும் பட்டியலை எங்கள் வலையமைப்போடு மட்டும்தான் சேர்த்திருந்தேன். பாதை இருந்தால் பெயர் தானாகத் தெரிந்துவிடாது. படித்துத் தேறிய பாடம்தான் அது. என் கணினி எங்கள் வலையமைப்பில் இருந்ததால், எனக்கு மட்டும் எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கிறது.

மடிக்கணினியைத் திறந்து பட்டியலை இவர்கள் வலையமைப்போடும் சேர்த்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பக்கம் திறந்தது.

தாதி திரையில் விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. அந்தப் பெரியவருக்கு அண்மையில்தான் வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்பட்டிருந்தது. இரத்தம் உறையாமலிருக்க டயாலிசிஸின்போது வழக்கமாகக் கொடுக்கும் மருந்தை இவருக்குக் கொடுக்கவே கூடாது என்று சிவப்பில் எழுதியிருந்தது.

எப்பவும் போல செய்யச் சொன்னது நான்தான்.

தவறு என்னுடையது, உங்கள் லைனில் ஒன்றும் இல்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“நீ சொன்னத கேட்டேன்தான். ஆனா அவர எனக்குத் தெரியாதே லா. தெரியாதவங்களுக்கு எப்படிம்மா எப்பவும் போல செய்றது?”

சொல்லிக்கொண்டே அந்த மருந்து இல்லாமல் இயந்திரத்தைத் தயார் செய்யப் போய்விட்டார்.

அந்தப் பெரியவரிடமும் போய், தாமதத்துக்கு நான்தான் காரணம் என்றேன். “பரவால்லம்மா. மிஸ்ஸி என்னைய விட்டு நகரவே இல்ல” என்று தாதியைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் அவரும் மற்றவர்களோடு உறங்கிப்போனார். எனக்கு அங்கே வேறு வேலை இல்லை. ஆனாலும் அவர் மூச்சு சீராகி, போர்வை மெதுவாக ஏறி இறங்குவதைப் பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது எந்த இரண்டு வலையமைப்புகளை இணைத்தாலும், மறுமுனையில் இருப்பவரையே பெயரைத் தட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன். இல்லை என்று ஒருவர் சொன்னால், அவர் நிற்கும் இடத்திலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பதில் பேச வேண்டும் என்பதை, ஓர் உயிரைப் பறிகொடுக்காமலே நான் கற்றுக்கொண்டது, என் பேச்சைக் கேட்டு நடக்காத அந்தத் தாதியின் தயவு.