கணக்கில் D வாங்கிய மேதைக்கு உபகாரச் சம்பளம்

பிரிக்பீல்ட்ஸ் வாழ் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு: உங்கள் வீட்டு ஏர்கோன்கள் இனி அநாதைகள் அல்ல.

ஏர்கோன் பழுதுபார்க்கும் படிப்புக்கு எனக்கு அரசாங்க உபகாரச் சம்பளம் கிடைத்துவிட்டது. ஆமாம், எஸ்பிஎம் பள்ளி இறுதிப் பரீட்சையில், கணக்கில் D வாங்கிய எனக்கேதான்!

இன்று காலை முடிவு கேட்கக் கிள்ளான் அலுவலகத்துக்குப் போனோம். என்னை முந்திக்கொண்டு அம்மா பேசினார்.

“பையன் கணக்குல D தான்மா. A வேணுமாமே? கொஞ்சம் பார்த்து செய்யுங்க.”

கவுன்டர் அக்கா சிரித்துவிட்டார்.

“ஆன்டி, பாஸ் பண்ணியிருந்தா போதும்லா. E எடுத்தவங்களுக்கே கொடுக்குறோம். உங்க பையனுக்கு இடம் கிடைச்சாச்சு, சந்தோஷமா போங்க.”

அம்மா அங்கேயே என்னைக் கட்டிப்பிடித்தார். நானும் பெரிய மேதையைப் போல நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

ரயிலில் பாதி வழி வந்ததும் அம்மாவுக்குப் பொறி தட்டியது.

“டேய், அப்போ A வேணும்னு சொன்னது யாரு?”

நான்தான். பரீட்சை முடியும்வரை ‘படிக்கணும்’ என்று சொல்லி எங்கள் அப்பம் கடையில் தட்டு கழுவாமல் தப்பிக்க வேறு வழி தெரியவில்லை, மக்களே.

இதைச் சோப்பு நுரைக்கு நடுவில் நின்று எழுதுகிறேன். இன்று மாலை அப்பம் சாப்பிட யாரெல்லாம் வருகிறீர்கள்? தயவுசெய்து வாழை இலையில் கேளுங்கள்.