ஊதா வாலும் பச்சை வாலும்

குஞ்சு, போய் வந்துவிட்டேன். அலுப்பு இன்னும் விடவில்லை.

வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், குஞ்சு என் மகள். போன வருடம் ஆஸ்பத்திரியில் கிடந்தபடி, போனில் இரண்டு ஹம்மிங் குருவிகளைக் காட்டினாள். இரண்டும் ஈக்குவடோரில் மேகம் மூடிய மலைக்காட்டில் இருக்கிறவை. உடம்பைவிட வால் நீளம், ஒன்றுக்கு ஊதா, மற்றதுக்குப் பச்சை.

"நான் ஒண்டைத் தெரிஞ்செடுத்து வச்சிட்டன் அம்மா. இப்ப சொல்லமாட்டன். நேர பாத்திட்டு நீங்கள் முதல் சொல்லுங்கோ."

சுகமானதும் போவதாக இருந்தோம். வருகிற மாதம் அவளின் ஆட்டைத் திவசம், முதலாம் வருடம். அன்றைக்குக் கொடுக்கிற நினைவு மடலில் அவளுக்குப் பிடித்த குருவியைப் போட வேண்டும். எது என்று எனக்குத் தெரியாது. நேரில் பார்த்தால் பிடிபடும் என்றுதான் தை மாதம் வெளிக்கிட்டேன். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அஜக்ஸில் இருக்கும் என் தங்கச்சி பவாவும் வந்தாள்.

ரொறன்ரோவிலிருந்து கீட்டோ நகருக்கு ஒரு விமானம் மாற வேண்டும். காருக்கும் ட்ரைவருக்கும் நாளுக்கு நூற்றிருபது அமெரிக்க டொலர். அங்கே அந்தக் காசுதான்.

முதல் நாள் மேற்கே மிண்டோ, இரண்டு மணித்தியால ஓட்டம். சீனித் தண்ணீர் தொங்கவிட்ட தோட்டம் ஒன்றில் ஊதா வால் வந்தது. கண்ணைப் பறிக்கிற ஊதா. பயமே இல்லை. பவாவின் பெரிய சிவப்புப் பொட்டுக்கு முன்னால் வந்து அந்தரத்தில் நின்றது. ட்ரைவர் தன் நெற்றியைத் தொட்டு, "ஃப்ளவர்! ஃப்ளவர்!" என்றார்.

பவா மூச்சை அடக்கிக்கொண்டு, "அசையாதேங்கோ அக்கா, இந்த வயசில என்னைப் பாக்கவும் ஒருத்தன் வந்திட்டான்" என்றாள்.

சிரித்துவிட்டேன். உனக்குக் காட்டத் திரும்பினேன், குஞ்சு.

பச்சை வால் மலையின் மற்றப் பக்கம், கிழக்கே. ஊதா வால் இருக்கும் பக்கம் அது வராதாம். மறுநாள் மூன்று மணித்தியாலம். நடுவில் ஏறும் கணவாயில் குளிர், தலையிடி. ரொறன்ரோவில் மல்வேர்ன் பஸ் தரிப்பில் விறைத்துப் பழகிய எனக்கே கால் நடுங்கியது. மழைக்குள் காத்திருந்து கண்டோம். கிட்ட வரவில்லை. நிழலில் கறுப்பாக இருந்தது. 'இதுக்கோ இவ்வளவு தூரம்' என்று நினைக்க, ஒருக்கால் திரும்பியது. வால் முழுக்கப் பச்சையும் நீலமுமாகப் பற்றி எரிந்தது. பிறகு பழையபடி கறுப்பு.

"இரண்டையும் போடுவம் அக்கா" என்றாள் பவா.

"அவள் ஒண்டைத்தானே தெரிஞ்செடுத்தவள்."

போக நினைக்கிறவர்கள் தடித்த ஜக்கெற்றும் மழைக்கோட்டும் கொண்டுபோங்கள். விடிய வெள்ளன நில்லுங்கள், பின்னேரம் மேகம் மூடிவிடும். ஒரே நாளில் இரண்டு பக்கமும் ஓடாதீர்கள், உடம்பு தாங்காது. பொட்டு வைக்கிறவர்கள் பெரிதாகச் சிவப்பில் வையுங்கள். நேரில் பார்த்தால் பிடிபடும் என்று என்னைப்போல நம்பிப் போகாதீர்கள். இரண்டும் வடிவு, அவ்வளவுதான் தெரிந்தது. மடல் அடிக்கிறவர் இன்றைக்கும் போன் எடுத்து எந்தப் படம் என்று கேட்டார்.

எனக்குப் பச்சை வால், குஞ்சு. நீ சொன்னபடி நான் முதல் சொல்லிவிட்டேன். நீ தெரிந்தெடுத்து வைத்தது எது?