மெயின் சுவிட்சை நிறுத்தாத காலை

யுத்த காலத்தில் ஓர்ஸ் ஹில் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை, எனக்கு ஒரு கந்தோரில் எழுத்து வேலை. எங்கள் பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, மலேரியா ஆராய்ச்சிக்காக வீட்டிலிருந்தே கணக்குப் போட்டுக் கொடுக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவினேன். உலகம் முழுக்கப் பலர் சம்பளமில்லாமல் அப்படித் தங்கள் கணினியைக் கொடுத்தார்கள். எனக்கு அது பொழுதுபோக்கு இல்லை. தோப்பூருக்கு வயல் வேலையாகப் போன தம்பி அங்கே மலேரியாவில் விழுந்தான். சண்டையால் பாதை பூட்டியிருந்ததால் ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. செத்துப்போனான். அந்தக் காய்ச்சல்மேல் எனக்கு இருந்த ஆத்திரம் ஆறவேயில்லை.

முதல் ஓட்டத்திலேயே மூக்குடைபட்டேன். கோப்பில் எழுத அனுமதி இல்லை என்றது மென்பொருள். அவசரத்தில் நிர்வாகிக் கணக்கில் நிறுவிவிட்டு, சாதாரணக் கணக்கில் ஓட்டியிருக்கிறேன். கோப்புகளை என் பெயருக்கு மாற்றினேன். பிறகு தொலைபேசி வழி இணைய இணைப்பு அறுந்து அறுந்து, ஒருவழியாக முதல் கணக்கு வேலை வந்து இறங்கியது. அதை முடித்து அனுப்ப ஒரு கெடுவும் கூடவே வந்தது.

ஆனால் கணக்கு முடிந்த வீதம் பூச்சியத்திலேயே நின்றது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஓடுகிறதா என்று மவுஸை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். வாயில் வந்தபடி திட்டினேன். கடைசியில்தான் செய்திகளை ஒழுங்காக வாசித்தேன்: கணினி பாவனையில் உள்ளது, வேலை இடைநிறுத்தப்பட்டுள்ளது. ஆள் தொடாதபோதுதான் அது ஓடுமாம். காவல் இருந்து கெடுத்தது நானேதான். கையை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கணக்கு நகர்ந்தது.

நாங்கள் வீட்டில் இருக்கும் மாலையிலும் இரவிலும் மட்டும் ஓடினால் கெடுவுக்குள் முடியாது. பகலிலும் ஓட வேண்டும். அம்மாவோ வீட்டைப் பூட்டும்போதெல்லாம் மெயின் சுவிட்சை நிறுத்திவிடுவார். முன்பு சண்டைக்குள் போட்டது போட்டபடி வீட்டை விட்டு ஓடியவர் அவர்.

"கரண்டை விட்டிட்டுப் போறதோ பிள்ளை? திரும்பி வருவமெண்டு ஆர் கண்டது?"

"நிப்பாட்டினா நேரத்துக்கு முடிக்க ஏலாதம்மா. தம்பிக்கு வந்த காய்ச்சலுக்குத்தான் இது."

மறுநாள் காலை அம்மா சுவிட்சில் கை வைத்தார். நான் மல்லுக்கட்டத் தயாராகத்தான் வாசலில் நின்றேன். கையை எடுத்தார். கதவைப் பூட்டினார்.

"ஓடட்டும். வந்து பாப்பம்."

மின்வெட்டு வந்த நாட்களில், விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். கெடு முடிவதற்கு முதல்நாள் பின்னேரம் நாங்கள் வீட்டுக்கு வந்தபோது கணக்கு முடிந்திருந்தது. தொலைபேசி இணைப்பும் அன்று அறவில்லை. அனுப்பினேன். அம்மா கணினிப் பெட்டியில் புறங்கையை வைத்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல. அது சூடாக இருந்தது.

"நேரத்துக்குப் போயிட்டுதோ?"

"ஓம் அம்மா, நேரத்துக்குப் போயிட்டுது."

அம்மா கதிரையில் இருந்துகொண்டு வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். பிறகு அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"அடுத்ததை எடு, பிள்ளை" என்றார்.