417-ஆம் நம்பர் டோக்கன்

"உள்ள யாரும் இல்லியே?" என்று கேட்டுவிட்டுத்தான் எபினேசர் எந்தச் சுவிட்சிலும் கை வைப்பார். கிரைண்டர், தண்ணீர் மோட்டார், என் கடை மின்விசிறி, எதுவானாலும் சரி. "ஃபேனுக்குள்ள எவன் சார் ஒக்காந்திருப்பான்?" என்று வாரம் தவறாமல் கிண்டல் செய்வேன். அவர் சிரிக்க மாட்டார். மேசைக்கடியில் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போடுவார்.

வயது எழுபத்து மூன்று. ஓசூர் சிப்காட்டில், இரும்புத் தகடு நசுக்கும் பிரஸ் ஷாப்பில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். இடது காது சுத்தமாகப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், வெள்ளைச் சட்டையோடு நேராக என் டைப்பிங் கடைக்கு வந்துவிடுவார். கையில் ஒரு பைண்டு நோட்டு, அதில் ஒரு பேய் நாவல். ஆறு வருடமாக எழுதுகிறார். இதுவரை ஆயிரத்து நாற்பது பக்கம் அடித்துக் கொடுத்திருக்கிறேன். கை வலி எனக்குத்தான்.

மூடிக் கிடக்கும் ஒரு ஃபாக்டரியின் எழுபது வயது வாட்ச்மேன்தான் கதாநாயகன். முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டே பேயோடு மல்லுக்கட்டுகிறவன். அங்கே ஷிப்ட் சங்கு தானாக ஊதும், பிரஸ் தானாக ஓடும், "என் டோக்கன் எங்கே?" என்று ஓர் ஆவி கேட்கும். கிழவன் கூரை மேல் ஏறித் தேடுவான், பாதாளத்தில் இறங்கித் தேடுவான், ஜவளகிரிக் காட்டில் யானையிடம்கூட மாட்டித் தப்பிப்பான். பிரஸ் பக்கம் மட்டும் போக மாட்டான். போனாலும் எபினேசர் ஏதாவது சொல்லித் திருப்பிவிடுவார். "அந்தப் பேய்க்கே சலிச்சுப் போயிருக்கும், முடிச்சுத் தொலைங்க சார்!" என்று போன மாதம் கத்திவிட்டேன்.

அன்றைக்குத்தான் சட்டைப்பையிலிருந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்து மேசையில் வைத்தார். நடுவில் 417 என்று அடித்திருந்தது.

ரிப்பேருக்காகப் பிரஸ்ஸுக்குள் இறங்குகிறவன், நம்பர் அடித்த தன் பித்தளை டோக்கனை மெயின் சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். மாட்டியவனைத் தவிர வேறு யாரும் அதைக் கழற்றக் கூடாது. தொண்ணூற்றாறில் ஒரு நாள், ஷிப்ட் மாறும் நேரத்தில், மோகன்குமார் என்பவரின் டோக்கன் அங்கே தொங்கியது.

"முந்தின ஷிப்ட்காரன் மறந்துட்டுப் போயிட்டான்னு நெனச்சேன் தம்பி. கழட்டிப் பையில போட்டுக்கிட்டு சுவிட்சப் போட்டுட்டேன். ஒரு கொரல் குடுத்துக்கூடப் பாக்கல."

விசாரணைக்கு வந்தவர்கள் டோக்கனைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. மாட்டாமல் இறங்கியது செத்தவரின் அஜாக்கிரதை என்று எழுதி மூடிவிட்டார்கள். எபினேசர் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், கீபோர்டைத் தள்ளிவிட்டு வெளியே போய் நின்றேன்.

ஆத்திரத்துக்குக் காரணம் மாதேஸ்வரி. மோகன்குமாரின் மனைவி. ராயக்கோட்டை மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிறார். பென்ஷன் ஃபாரம் நிரப்புவதா, ஆஸ்பத்திரிக்குக் கூட வருவதா, இத்தனை வருடமும் எல்லாவற்றுக்கும் எபினேசர்தான். எழுத்துக் கூட்டத் தெரியாத அந்த அம்மா, ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வந்து என் கடையிலேயே உட்கார்ந்து கதை கேட்பார். "அண்ணன் மட்டும் இல்லைன்னா நாங்க தெருவுலதான் நின்னிருப்போம்" என்று என்னிடமே சொல்வார். விஷயம் தெரிந்த பிறகு, அதைக் கேட்டதும் நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வேன்.

போன ஞாயிறு எபினேசர் மாதேஸ்வரிக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கிழவன் கடைசியில் பிரஸ் முன்னால் வந்து நின்றுவிட்டான். ஆவி கேட்கிறது. பக்கத்தைப் புரட்டினார். அடுத்த பக்கம் வெறுமையாக இருந்தது.

"ஏண்ணா, அந்த ஆவி நெசமாவே டோக்கன் மாட்டுச்சா?" என்றார் மாதேஸ்வரி. "இல்ல, எங்க ஊட்டுக்காரராட்டம் மாட்டாமயே எறங்கிடுச்சா? எம்மவன் இப்ப அத்திப்பள்ளிக் கம்பெனிக்குப் போறான். 'உங்கப்பனாட்டம் அஜாக்கிரதையா இருந்துடாதடா'ன்னு தெனமும் சொல்லித்தான் அனுப்பறேன்."

எபினேசர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டைப்பைக்குள் விரல் விட்டு அந்த வில்லையை எடுத்து, அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"அவர் மாட்டியிருந்தாரும்மா. கழட்டினது நான்."

எழுத்து தெரியாவிட்டாலும் அந்த எண் மாதேஸ்வரிக்குத் தெரியும். கணவனின் சாப்பாட்டு டப்பாவில் அதைத்தான் கீறி வைத்திருந்தார்கள். கட்டை விரலால் 417-ஐத் திரும்பத் திரும்பத் தடவினார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அவர் தன் பையிலிருந்து போனை எடுத்து, மகனுடைய எண்ணை அழுத்தி, எபினேசரிடம் நீட்டினார்.

"அவங்கிட்ட நீங்களே சொல்லுங்க."

அண்ணா என்ற வார்த்தை அதில் இல்லை.

ரிங் போய்க்கொண்டிருந்தது. "சொல்லும்மா" என்று குரல் கேட்டதும், எபினேசர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, போனை இரண்டு கையாலும் வாங்கிக் கேட்கிற காதில் வைத்துக்கொண்டார்.