வேண்டாம் என்று சொன்ன வைத்தியலிங்கம் சார்

வைத்தியலிங்கம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், நான் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு ரோமாபுரி மன்னனாக நின்ற கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் சிங்கப்பூர்ப் பாலத்துக்கு வடக்கே இருக்கும் தம்போயில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். பெயர் ராஜசேகரன். காஹாங் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன். நடிப்புக்கும் எனக்கும் ரொம்ப தூரம். ஆனால் எங்கள் அம்மன் கோவில் நவராத்திரிக் கலைநிகழ்ச்சிக்குச் சார் ஒரு நாடகம் எழுதினார். மன்னனுக்குத் தொப்பை வேண்டும் என்று என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்.

சார் இடைநிலைப் பள்ளியில் சரித்திரம் போதித்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்து லாயாங் லாயாங்கில் குடியேறியவர். அந்த வீட்டுப் பழக்கமோ என்னவோ, சார் எதையும் வாய்விட்டுக் கேட்க மாட்டார். என் வீட்டுக்கு வந்தால்கூட, காப்பி வேண்டுமா என்றால் வேண்டாம் என்பார். கொண்டுவந்து வைத்தால் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிப்பார். என் மனைவி இப்போதெல்லாம் கேட்பதே இல்லை, நேரே கலக்கிவிடுகிறாள்.

நாடகம் திபேரியஸ் என்ற ரோமாபுரி மன்னன் ஆட்சிக்கு வந்த கதை. அகஸ்டஸ் மன்னர் இறந்ததும், அடுத்தது அவருடைய வளர்ப்பு மகன் திபேரியஸ்தான் என்று ஊருக்கே தெரியும். படையும் அவன் கையில். ஆனால் சபையில் எழுந்து, இவ்வளவு பெரிய பாரம் என்னால் ஆகாது என்று மறுத்துக்கொண்டே இருந்தானாம். சபையினர் அழுதார்கள், கும்பிட்டார்கள், அவன் அசையவில்லை. கடைசியில் ஒருவருக்குப் பொறுமை போய், ஏற்றுக்கொள்வதானால் ஏற்றுக்கொள்ளட்டும், இல்லையென்றால் விட்டுவிடட்டும் என்று கத்திவிட்டாராம். பிறகுதான் ஒருவழியாக ஏற்றுக்கொண்டான்.

சரித்திரம் எழுதியவர்கள் இதைப் பாசாங்கு என்று சொல்லிவிட்டார்கள், கதை எழுதுகிறவர்கள் அவனை இன்னும் பெரிய நரியாக்கிவிட்டார்கள் என்று சாருக்கு மனத்தாங்கல். "ஆசையும் இருந்திருக்கும் ராஜா, கேக்கக் கூச்சமும் இருந்திருக்கும். ஒரு மனுசனுக்குள்ள ரெண்டும் இருக்கக் கூடாதா?" என்பார். ஒத்திகையில் இதை அவர் எத்தனையோ தடவை சொன்னார். எனக்கு அப்போது தொப்பையில் நிற்காத விரிப்புதான் கவலை.

பொறுமை இழந்த சபைக்காரராக நடித்தவன் செல்வா. அப்போதுதான் புதிதாக எங்கள் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்து, தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். சார் எழுதிக் கொடுத்த செந்தமிழ் வசனம் மேடையில் மறந்துபோய், "அலமாக், வேணும்னா எடு, வேணாம்னா விடு லா" என்று சொல்லிவிட்டான். மண்டபமே சிரித்தது. சாரும் சிரித்தார்.

எங்கள் கோவில் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆண்டுக் கூட்டத்தில் ஒருவரைத் தலைவர் பதவிக்கு முன்மொழிந்தால், அவர் உடனே சரி என்று சொல்லக் கூடாது. சொன்னால் பதவி ஆசை பிடித்தவர் என்று சாப்பாட்டுப் பந்தி முடியும் வரை பேசுவார்கள். முதல் தடவை நெஞ்சில் கைவைத்து வேண்டாம் என்பார். இரண்டாம் தடவை உடம்பு சரியில்லை, பிள்ளைகள் படிப்பு என்று ஏதாவது சொல்வார். மூன்றாம் தடவை பெரியவர்கள் எழுந்துபோய், அவர் திமிறத் திமிற மாலையைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் "எல்லாம் அம்பாள் சித்தம்" என்று உட்காருவார். எத்தனை தலைவர்கள் இப்படி உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். நோயாளி என்று சொன்ன ஒருவர் பன்னிரண்டு வருடம் நாற்காலியை விடவில்லை.

சார் இவர்கள் எல்லாருக்கும் செயலாளராக இருந்தவர். அறிக்கை எழுதுவது, நகராட்சிக்கு நடப்பது, குருக்கள் விசாவுக்கு அலைவது எல்லாம் அவர். மாலை மட்டும் வேறு கழுத்துக்குப் போகும். பழைய தலைவர் கிள்ளானில் மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்தபோது, கும்பாபிஷேகத்துக்கு ஒரு வருடம்தான் இருந்தது. கும்பாபிஷேகத்தன்று தலைவர்தான் தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு குருக்களோடு கோபுரத்தின் மேலே ஏறுவார். இதை விட்டால் அடுத்த கும்பாபிஷேகத்துக்கு இன்னும் பன்னிரண்டு வருடம் ஆகும். சாருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு.

அவர் மனைவி செல்லப்பாக்கியம் அம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு பட்டு வேட்டியைக் காட்டினார். மேலே ஏறும்போது கட்டுவதற்காம். "கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாரு. நீங்கதான் விடாம பிடிக்கணும் தம்பி," என்றார். அது நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிய மனிதன் போல வாக்குக் கொடுத்தேன்.

கூட்டத்துக்குப் போனால், மண்டபம் முழுக்கப் புதுமுகங்கள். தாமான்கள் பெருகி, அங்கத்தினர் கூடிவிட்டார்கள். மாலை போடும் பெரியவர்களில் பாதிப் பேர் கோவிட் காலத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் சாரை முன்மொழிந்தேன். சார் நெஞ்சில் கைவைத்து, வேண்டாம் என்றார். மறுபடி சொன்னேன். முட்டிவலி, வயசாயிடுச்சு என்றார். எல்லாம் முறைப்படிதான் போய்க்கொண்டிருந்தது. மாலை என் நாற்காலிக்கு அடியில் பையில் தயாராக இருந்தது.

அப்போது செல்வா மைக்கை வாங்கினான். சாரை இப்படி வற்புறுத்துவது அவருக்கு மரியாதை இல்லை, இத்தனை வருடம் உழைத்தவரை ஓய்வெடுக்க விடுவோம் என்றான். அவன் சொன்னதில் கள்ளம் இல்லை. கூட்டம் கை தட்டியது. நான் துள்ளி எழுந்து, இன்னொரு தடவை கேளுங்கள் என்று சத்தம் போட்டேன். செல்வா மைக்கை எடுத்துக்கொண்டு சாருக்கு முன்னாலேயே வந்து நின்றான்.

"சார், வெளிப்படையா சொல்லுங்க. உங்களுக்கு வேணுமா, வேணாமா? வேணும்னா நாங்க எல்லாரும் உங்க பின்னாடி நிப்போம்."

இதைவிட நேராக ஒருவனால் கேட்க முடியாது. சாரின் வாய் திறந்தது. இரண்டு எழுத்து, சரி என்று சொன்னால் போதும். வாழ்நாளில் ஒரு காப்பியைக்கூட வேண்டும் என்று கேட்டுப் பழகாத வாய் அது. இருநூறு பேருக்கு முன்னால் பதவி வேண்டும் என்று எப்படிச் சொல்லும்?

"வேணாம்பா," என்றார். "இளைஞருங்க நீங்க செய்யுங்க."

பின்வரிசையில் யாரோ செல்வா பெயரைச் சொன்னார்கள். செல்வா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "சரி, செய்யறேன்," என்றான். அவ்வளவுதான், முடிந்தது. மாலையை எடுத்துப்போய் நானே அவன் கழுத்தில் போட வேண்டியதாயிற்று. திபேரியஸுக்குப் பின்னால் படை இருந்தது. எங்கள் சாருக்குப் பின்னால் நான் ஒருவன்தான் இருந்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் சார் என் லாரியின் ஏர்கான் சத்தத்தைப் பற்றி மட்டும் பேசினார். வாசலில் நின்ற செல்லப்பாக்கியம் அம்மா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினார்.

செல்வா மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. ஆனால் பையன் நன்றாகத்தான் செய்தான். விடுமுறை எடுத்துக்கொண்டு அலைந்தான், ஒவ்வொன்றுக்கும் சாரிடம் வந்து யோசனை கேட்டான். சாரும் குறை வைக்காமல் எல்லாம் எழுதிக் கொடுத்தார். திட்டுவதற்கு ஒரு காரணம் கிடைக்காதா என்று நான் ஏங்கியதுதான் மிச்சம்.

கும்பாபிஷேகத்தன்று சார் பழைய பருத்தி வேட்டியில் வந்தார். கோபுரத்துக்கு ஏறும் இரும்புப் படியை நான்தான் செய்து வைத்திருந்தேன். சாருக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று போன வருடமே மனதில் கணக்குப் போட்டு, படிகளைத் தாழ்வாகவும் கைப்பிடியை உறுதியாகவும் வைத்திருந்தேன். பரிவட்டத்தோடு வந்த செல்வா படியடியில் நின்றுவிட்டான்.

"சார், நீங்களும் மேல வாங்க," என்றான்.

சாரின் கை கைப்பிடியைப் பிடித்துவிட்டது. நான் பார்த்தேன். பிடித்த கையோடு, "முட்டி வலிக்குதுப்பா, நீ போ," என்றார். ஏறுங்க சார் என்று நான் முதுகில் கைவைத்தேன். அவர் தலையை ஆட்டினார். மேலே குருக்கள் நேரம் ஆகிறது என்று கையை அசைத்தார். செல்வா சாரின் முழங்காலைப் பார்த்தான், நம்பினான், சாரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறிப்போனான்.

நாதஸ்வரம் உச்சத்துக்குப் போயிற்று. மேலிருந்து கும்ப நீரைக் குழாய் வைத்துத் தெளித்தார்கள். கூட்டம் கைகளைத் தூக்கி அரோகரா என்றது. சாரின் கண்ணாடியெல்லாம் தண்ணீர். துடைக்காமல் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை இன்னும் என் படியின் கைப்பிடியில்தான் இருந்தது.

"ராஜா, எனக்கு வேணும்னுதான் இருந்துச்சு," என்றார்.

"தெரியும் சார்."

"உங்களுக்குத் தெரியும். அவங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன்."

பக்கத்தில் நின்ற செல்லப்பாக்கியம் அம்மா சேலைத் தலைப்பை எடுத்து அவர் தலையைத் துவட்டினார்.