லயத்துக் காம்பராவுக்கு முப்பத்திரண்டு அங்குல மொனிட்டர்

இன்று ஹட்டனில் மொனிட்டர் வாங்கப் போனேன். கேம் விளையாட, படம் பார்க்க, முப்பத்திரண்டு அங்குலத்தில் வேண்டும் என்றேன்.

"எந்தப் பக்கங்க தங்கச்சி?" என்றார் கடைக்காரர்.

"நோர்வூட் பக்கம், தேயிலைத் தோட்டம்."

உடனே சின்னது ஒன்றை எடுத்து வைத்தார். "லயத்துக் காம்பரான்னா ஒத்த அறைதானே, இது போதுங்க. பெருச வாங்கி எங்க வைக்கப் போறீங்க?"

எனக்குச் சுர்ரென்று வந்தது.

"எங்க லயத்துல வரிசையா ஒட்டுன வீடுங்க, நடுச்சுவரு கூரை வரைக்கும் கெடையாதுங்க. நான் படம் போட்டா பக்கத்து வீட்டுக்கு வெறும் சத்தந்தான் போகுது. இனிமே அவங்களும் வந்து உக்காந்து பாக்கட்டும். பெருசையே எடுங்க."

எடுத்தார்.

இப்போது பக்கத்து வீடு மொத்தமும் என் காம்பராவில் படம் பார்க்கிறது. நான் வாசலில் நின்று இதை எழுதுகிறேன்.

அந்தக் கடைக்குப் போகிறவர்கள் அவரிடம் சொல்லிவிடுங்கள். மொனிட்டருக்குத் தாராளமாக இடம் இருக்கிறது, எனக்குத்தான் இல்லை.